இடக்கையும் வலமூளையும்

"எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்" என்பது நம் நாட்டு முதுமொழி. இதனைக் கேளாதார் இலர். ஆயினும், அச்சிரசினுள் இருப்பது யாது, அஃது எங்ஙனம் உடம்பினை ஆள்கின்றது என்று வினவின், விடை கூறவல்லார் நம்முள் மிகச் சிலரே. அச்சிலரும் ஆங்கிலத்திலேயே விடை கூறுவர். தமிழிற் கூறுமாறு வேண்டினால், "சொற்கள் இல்லையே" என்று கைவிரிப்பர். சொற்கள் பல உள. அவற்றை எடுத்துச் சொல்லுவாரே இலர் என்பது என் கருத்து. அக்கருத்தினை இக்கட்டுரையில் நிறுவ விழைகின்றேன்.

தமிழ் ஆனர்ஸ் வகுப்பிற் பயில்வார்க்கு மூளை நூலில் என்ன வேலை என்று நண்பர் சிலர் நகைக்கவுங்கூடும். அவ்வேலை எனக்கு வாய்த்த வரலாற்றை முதற்கண் கூறிவிடுதல் நலம்.

எங்கள் குடும்பம் சேர்வராயன் மலையைச் சேர்ந்தது. சேலத்தினின்று ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளமையை அங்குச் சென்று மீண்ட நண்பர் அறிவர். ஏரியில் படகேறி, பகோடா முனையில் நின்று காட்சி கண்டு திரும்புவோர்க்கு அம்மலை இன்பத்தலம். அங்கே வாழ்வோர்க்கோ அது காப்பித் தோட்டமும் மிளகுக் கொடியும் பனியும் மழையும் நெடுவழியும் ஆகும். 1820-களில் சேலத்துக் கலெக்டராயிருந்த காக்பர்ன் என்பார் காப்பிப் பயிரை அம்மலைக்குக் கொணர்ந்த நாள்தொட்டு, எத்துணையோ குடும்பங்கள் அதன் பழத்தைப் பறித்து வாழ்ந்து வந்துள்ளன. என் பாட்டியாரும் அங்ஙனம் பழம் பறித்துத் தம் மக்களை வளர்த்தவரே. அவரை யாங்கள் ஆயா என்று அழைப்போம்.

யான் மேனிலைப் பள்ளியிற் பயின்ற காலத்து, பழம் பறிக்கும் மார்கழித் திங்களில், ஒரு நாட்காலை ஏழு மணியளவில், ஆயாவின் இடக்கையினின்று காப்பி டம்ளர் நழுவி வீழ்ந்தது. குனிந்து எடுக்க முயன்றார், கை எழவில்லை. வாய் ஒருபுறம் கோணிற்று, பேச்சுக் குழறிற்று. அயலார் கூடினர். "பனிக்காற்றுப் பட்டு வாதம் அடித்துவிட்டது" என்றனர். ஒத்தடமும் எண்ணெய்த் தேய்ப்பும் நடந்தன. "உச்சிப் பொழுதுக்குள் சரியாகிவிடும்" என்றார் ஒரு முதியவர், யாவரும் நம்பினோம். உச்சிப் பொழுதும் சென்றது, கை எழவில்லை. மாலையில் வாடகை வண்டி ஒன்றமர்த்தி மலையிறங்கினோம். நகரத்து மருத்துவமனை ஒன்றை அடைந்தபோது இருட்டிவிட்டது. அங்கிருந்த மருத்துவர் முதலில் வினவியது, "எத்தனை மணிக்குத் தொடங்கிற்று?" என்பதே. காலை ஏழு மணிக்கு என்றோம். அவர் முகம் வாடிற்று. "காலையிலேயே வந்திருந்தால் ஒரு மருந்து ஏற்றியிருக்கலாம்" என்று மட்டும் கூறினார்.

சில நாள் கழித்து எங்களை வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு காகிதம் கொடுத்தனர். அது முழுவதும் ஆங்கிலம். வீட்டிற் படித்த பிள்ளை யானாதலின், பொருள் கூறும் பணி என்மேல் வீழ்ந்தது. மூளையின் வலப்பக்கத்து இரத்தக்குழாயில் அடைப்பு என்று அதிற் கண்டிருந்தது. கேட்ட என் மாமா திடுக்கிட்டார். "விழுந்தது இடக்கை, இவர்கள் வலப்பக்கம் என்று எழுதியிருக்கிறார்களே! வேறு யாருடைய காகிதத்தையோ மாற்றிக் கொடுத்துவிட்டார்கள்" என்றார். ஐயம் வீடெங்கும் பரவிற்று. மீண்டும் மலையிறங்கி விளக்கம் கேட்க ஒருவர்க்கும் துணிவில்லை. கேட்டாலும் விளங்குமோ என்னும் அச்சம். தவறான காகிதத்துக்குக் கொடுத்த மாத்திரையும் தவறானதே என்று முடிவாயிற்று. ஒரு திங்களுக்கு மேல் ஆயா மாத்திரையின்றி இருந்தார். அதற்குள் அந்நோய் இரண்டாம் முறை தாக்காதது இறைவன் இரக்கமே. பிறகு உறவினராகிய செவிலியர் ஒருவர் வந்து கடிந்துகொண்டதனால் மாத்திரை மீண்டும் தொடங்கிற்று. ஆயின் காகிதத்தைப் பற்றிய ஐயம் ஒருவர்க்கும் தீரவில்லை.

கல்லூரிக்கு வந்த முதலாண்டில், விலங்கியல் பயிலும் நண்பர் ஒருவரிடம் இச்செய்தியைக் கூறினேன். அவர் தம் பாடநூற்படம் ஒன்றைக் காட்டி ஐந்து நிமிடத்தில் விளக்கினார். கைகால்களை இயக்கும் கட்டளை பெருமூளையின் மேற்பரப்பிற் பிறக்கின்றது. அதனைச் சுமந்து வரும் நரம்பிழைகள் மூளையினூடே கீழ்நோக்கி இறங்கி, முகுளம் என்னும் அடிப்பகுதியின் கீழெல்லையை அடைகின்றன. அங்கே அவற்றுட் பெரும்பாலானவை பக்கம் மாறுகின்றன. வலத்தில் இருந்தவை இடத்துக்கும், இடத்தில் இருந்தவை வலத்துக்கும் கடந்து தண்டுவடத்துள் செல்கின்றன. ஆதலின் வலமூளை இடக்கையை ஆளும். இடமூளை வலக்கையை ஆளும். வலப்புறத்துக் குழாய் அடைபட்டால் இடக்கை தொய்வது இயல்பே. அக்காகிதத்திற் பிழை ஏதும் இல்லை.

ஐயம் தீர்ந்தபோதே வெட்கமும் உண்டாயிற்று. முகுளம் என்னும் சொல் எனக்குப் புதியதன்று. பத்தாம் வகுப்பில் பெருமூளை, சிறுமூளை, முகுளம், தண்டுவடம் என்று தேர்வுத்தாளில் எழுதி மதிப்பெண் பெற்றவன் யான். அந்த முகுளம் என் ஆயாவின் தலைக்குள்ளும் உண்டு என்று ஒரு நாளேனும் எண்ணிப் பார்த்ததில்லை. சொல் இருந்தது, அதன் பயன் வீடு வந்து சேரவில்லை.

நிற்க. மூளையின் வழிகளை மக்கள் அறிந்துகொண்ட வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1861-இல் பாரிஸ் நகரத்து மருத்துவர் புரோக்கா என்பார், ஓரசையையன்றி வேறொன்றும் பேசமாட்டாதிருந்த நோயாளி ஒருவர் இறந்தபின் அவர் மூளையைச் சோதித்து, இடப்புறத்து முன்பகுதியிற் பழுதிருக்கக் கண்டார். பேச்சுக்கும் மூளையில் ஓரிடம் உண்டென்பது அதனால் வலியுற்றது. 1873-இல் இத்தாலிய அறிஞர் கொல்கி, வெள்ளி உப்பினைக்கொண்டு நரம்பணுக்களுக்குக் கருஞ்சாயம் ஏற்றிக் காணும் முறையினைக் கண்டுபிடித்தார். ஸ்பெயின் நாட்டு ரமோன் கஹால் அம்முறையினைத் திருத்திக் கையாண்டு, மூளை ஒரே தொடர்வலை ஆகாது என்றும், தனித்தனி அணுக்கள் நெருங்கி நின்று செய்தியைக் கைமாற்றுகின்றன என்றும் தம் கையாற் படம் வரைந்து காட்டினார். இருவரும் 1906-இல் நோபெல் பரிசினைப் பகிர்ந்து பெற்றனர். பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே கொல்கி மற்றவர் கொள்கையை மறுத்துப் பேசினார் என்பது சுவையான செய்தி. மறுப்பு நிலைக்கவில்லை, கஹாலின் கொள்கையே நின்றது. மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன என்பது 2009-இல் வெளிவந்த கணக்கு.

இவ்வறிவு நம் நாட்டை அடைந்த வழியும் அறியத்தக்கது. கனடா நாட்டு மாண்ட்ரியல் நகரில் பென்ஃபீல்டு என்னும் அறுவை மருத்துவர், வலிப்பு நோயாளிகள் விழித்திருக்கும்போதே அவர்தம் மூளையின் மேற்பரப்பை மெல்லிய மின்னோட்டத்தால் தீண்டி, எவ்விடத்தைத் தீண்டின் எவ்வுறுப்பில் உணர்ச்சி எழுகின்றது என்று ஆராய்ந்து படம் வரைந்தார். 1937-இல் வெளிவந்த அவ்வாராய்ச்சியில், கைக்குரிய இடத்தை அடுத்தே முகத்துக்குரிய இடம் இருப்பது தெரியவந்தது. அவரிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி என்னும் மருத்துவர் 1949-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், இந்தியாவின் முதல் நரம்பு அறுவை மருத்துவத் துறையைத் தொடங்கினார். மாண்ட்ரியலில் விளைந்த அறிவு, ஏற்காட்டினின்று ஒரு நாட் பயணத்தில் அடையக்கூடிய ஊருக்கு வந்துவிட்டது.

பென்ஃபீல்டு வரைந்த அப்படத்தினை அடிப்படையாகக்கொண்டு பெரும்புதிர் ஒன்றினை விடுவித்தவர் வி. எஸ். இராமச்சந்திரன். தமிழ்நாட்டில் 1951-இற் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் மருத்துவமும், கேம்பிரிட்ஜில் மேற்படிப்பும் முடித்து, கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் ஆராய்ந்தவர் இவர். கை துண்டிக்கப்பட்டோர் சிலர், இல்லாத அக்கை இருப்பதாகவே உணர்ந்து, அதில் வலியும் துய்ப்பதுண்டு. அத்தகையார் ஒருவர் கன்னத்தை இராமச்சந்திரன் மெல்லத் தீண்டியபோது, இல்லாத கையைத் தீண்டியதாக அவர் உணர்ந்தார். கையினின்று செய்தி வாராமையால் வறிதே கிடந்த இடத்துக்குள், அடுத்திருந்த முகத்தின் நரம்புச் செய்தி புகுந்துவிட்டது என்பது இராமச்சந்திரன் கண்ட விளக்கம். ஒரு பெட்டியில் நிலைக்கண்ணாடியை நிறுத்தி, இருக்கும் கையின் நிழலை இல்லாத கையின் இடத்திற் காணச் செய்து, அவ்வலியைச் சிலருக்குத் தணித்தார். அதே கண்ணாடி பக்கவாதத்தால் தளர்ந்த கைக்கும் உதவக்கூடும் என்று அவரும் அவர்தம் துணைவரும் 1999-இல் வெளியிட்டனர். பிற்றைநாள் ஆய்வுகளும் பயன் உண்டெனக் கூறுகின்றன. ஆயினும் அது மருத்துவப் பயிற்சிக்குத் துணையாகுமேயன்றி மாற்றாகாது.

இஃதன்றியும், சென்னை ஐ.ஐ.டி.யில் உள்ள சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆய்வு மையத்தார், பிறவாது மறைந்த சிசுக்களின் மூளைகளைப் பெற்றோர் இசைவுடன் பெற்று, மிக மெல்லிய தகடுகளாகச் சீவி, சாயமேற்றி, அணு அணுவாகக் காணுமாறு படம்பிடித்து, 2024-ஆம் ஆண்டு டிசம்பரில் உலகுக்கு அளித்தனர். அதில் அடங்கிய தகடுகள் 5,132. கருவின் இரண்டாம் மும்மாதத்தில் மூளை வளரும் வகையை அங்கே காணலாம். அதற்குத் 'தரணி' என்று பெயர் சூட்டி, எவரும் விலையின்றிக் காணுமாறு திறந்து வைத்துள்ளனர். வேறு நாட்டார் வரைந்த படத்தையே நம்பியிருந்த நம் நாடு, பிற நாட்டார் வந்து காணும் படம் ஒன்றினை வரைந்து தந்தமை நாம் அனைவரும் மகிழற்பாலது.

இத்துணையும் தமிழ்நாட்டோடு தொடர்புடையன. துறை எழுந்தது வேலூரில். கண்ணாடியின் உண்மை கண்டவர் ஸ்டான்லியிற் பயின்றவர். படம் எழுதப்பட்டது சென்னையில். ஆயினும் இம்மூன்றினுள் ஒன்றேனும் சேர்வராயன் மலையிலுள்ள ஒரு வீட்டுக்கு, அவ்வீட்டார் பேசும் மொழியில் வந்து சேர்ந்ததில்லை. அறிஞர் தம் கடமையைச் செய்தனர். தம் துறையார்க்குத் தம் துறை மொழியில் எழுதினர். அதிற் குறை யாதும் இல்லை. அவர்கள் எழுதியதை மலைமேல் ஏற்றிச் செல்லும் கடமை எவருடையது? அது தமிழ் கற்பாருடையது என்று யான் துணிந்து கூறுவேன்.

இதற்கு மூவகைத் தடை கூறுவர். மூளை நூலுக்குத் தமிழிற் சொற்கள் இல்லை என்பது முதலாவது. 1847-இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவம் புரிந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் என்பாரை இத்தடை கூறுவோர் நினைத்தல் வேண்டும். தமிழ் அவர்க்குத் தாய்மொழியன்று. ஆயினும் அதனைக் கற்று, 1850-களிலேயே உடலமைப்பு நூலினை 'அங்காதிபாதம்' என்னும் பெயரால் தமிழில் வெளியிட்டார்; பின்னர் மாணவர்க்கு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மின்விளக்கும் இல்லாத அக்காலத்து அயல்நாட்டார் ஒருவர் செய்த காரியத்தை, பாடநூற் சொற்கள் பல நிறைந்த இக்காலத்தில் நம்மால் இயலாதென்பது நாணத்தக்கது.

அறிவியல் உலகப் பொது. அதற்கு ஆங்கிலமே போதும் என்பது இரண்டாவது தடை. ஆராய்ச்சிக் கூடத்துக்கு அது போதும். நோயாளியின் கட்டிலருகே அது போதாது. இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து, நோய் தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் ஏற்றப்படல் வேண்டும். குழாய் அடைபட்டதோ வெடித்ததோ என்பதனை ஸ்கேன் எடுத்து அறிந்த பின்னரே அதனை ஏற்றுவர். ஆதலின் அந்நேரத்தின் அருமையை முதலில் அறியவேண்டியவர் மருத்துவரல்லர். வாய் கோணுவதைக் கண்முன் காணும் மகளும் மருமகளும் அயலாருமே. அவர்கள் ஆங்கிலம் கற்று வருங்காறும் அடைப்புக் காத்திராது.

மூன்றாவது தடை எம்மவரிடத்தே உள்ளது. அதனை மறைத்தல் நேர்மையாகாது. தமிழ் மாணவராகிய யாம் ஓர் அயற்சொல்லைக் கண்டவுடன் அதற்கு நேரான சொல்லை ஆக்குவதிலேயே பொழுதைக் கழிக்கின்றோம். சொல் ஒன்றினை ஆக்கிவிட்டால் அறிவையே ஆக்கிவிட்டதாக மகிழ்கின்றோம். ஸ்கேன் என்பது மலைவாணர் யாவரும் அறிந்த சொல். அதனை மாற்றுவதால் ஓருயிரும் பிழைக்கப்போவதில்லை. பக்கவாதம் என்பது வாதத்தைக் காரணமாகக் காட்டும் பழஞ்சொல். அதனை நீக்கவும் வேண்டா. சொல் நிற்க, அதன் பொருளைத் திருத்துவோம். "பக்கவாதம் காற்றினால் வருவதன்று, மூளைக்குச் செல்லும் இரத்தம் தடைப்படுவதாலோ குழாய் வெடிப்பதாலோ வருவது" என்னும் ஒரு வாக்கியம், புதிதாக ஆக்கிய நூறு சொற்களினும் பயன் உடையது.

சென்ற கோடை விடுமுறையில் யான் ஏற்காடு சென்றிருந்தபோது ஆயாவிடம் இதனை விளக்க முயன்றேன். முகுளம் என்று தொடங்கினேன். அவர் கொட்டாவி விட்டார். பிறகு வேறு வகையாற் கூறினேன். "ஆயா, வலப்பக்கத்து மேட்டிலிருந்து ஒரு தடம் இறங்குகிறது, இடப்பக்கத்து மேட்டிலிருந்து ஒரு தடம் இறங்குகிறது. அடிவாரத்துக்குச் சற்று மேலே இரண்டும் குறுக்கே கடந்து பக்கம் மாறிப் போகின்றன. வலப்பக்கத்து மேட்டில் மண் சரிந்தால் எந்தப் பக்கத்து ஊருக்கு அரிசி வராது?" அவர் சிறிதும் தயங்காது, "இடப்பக்கத்து ஊருக்குத்தான்" என்றார். பின் தம் இடக்கையை வலக்கையால் எடுத்து மடிமேல் வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படியானால் அந்தக் காகிதம் பொய் சொல்லவில்லையா, கண்ணு?" என்றார். இல்லை என்றேன். "இதை அன்றைக்கே யாராவது சொல்லியிருக்கலாமே" என்றார். அச்சொல்லுக்கு என்னிடம் மறுமொழி இல்லை.

மண் சரிந்தால் மலைமக்கள் வேறு தடம் கண்டு நடப்பதும், நடக்க நடக்க அதுவே வழியாவதும் ஆயா அறிந்ததே. மூளையும் ஓரளவு அங்ஙனம் செய்யும் என்றும், பயிற்சியின் பொருட்டே கையை நாடோறும் அசைக்கச் சொல்கின்றனர் என்றும் கூறினேன். இன்றும் அவரால் இடக்கையில் டம்ளர் பிடிக்க இயலாது. ஆயின் மாத்திரையை ஒரு வேளையும் தவறவிடுவதில்லை. பயிற்சியையும் விடுவதில்லை. பழம் பறிக்கும் பெண்டிர் வீட்டுக்கு வந்தால், "வாய் கோணினால் எண்ணெயைத் தேடாதே, வண்டியைத் தேடு" என்று கூறத் தவறுவதில்லை. எம் வகுப்பில் ஓராண்டு முழுதும் ஆக்கிய கலைச்சொற்கள் செய்யாத தொண்டினை அவ்வொரு வாக்கியம் செய்து வருகின்றது.

ஆதலின் நம் கல்லூரியார் முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்கின்றேன். முதலாவது, தமிழ் மாணவரும் விலங்கியல் மாணவரும் ஒருங்கிருந்து பக்கவாதத்தைப் பற்றி ஒரு தாளில் அடங்கும் துண்டு வெளியீடு எழுதுதல் வேண்டும். முகம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகிய மூன்று குறிகளும், 108-ஐ அழைக்கும் முறையும், இடக்கைக்கு வலமூளை என்னும் படமும் அதில் இருத்தல் போதும். மருத்துவர் ஒருவர் பார்த்துத் திருத்திய பின்னரே அச்சிடல் வேண்டும். இரண்டாவது, இவ்வாண்டு மலரின் தமிழ்ப் பகுதியில் ஆண்டுதோறும் ஓர் அறிவியற் கட்டுரையேனும் இடம்பெறுதல் வேண்டும். அச்சுக்குச் செல்லுமுன் அதனை எழுதினோர் தம் வீட்டு முதியோர்க்குப் படித்துக் காட்டல் வேண்டும். அவர் கொட்டாவி விட்டால் திருப்பி எழுதுக. இதனினும் சிறந்த தேர்வு பல்கலைக்கழகத்தாரும் நடத்தார்.

இவை பெரிய காரியங்கள் அல்ல, பொருட்செலவும் மிகுதியில்லை. பழைய மாணவராய் மருத்துவத் தொழில் புரியும் பெரியோர் ஒரு மணி நேரம் உதவினால் முதற்காரியம் ஒரு திங்களில் முடியும். அத்தாளை விடுமுறைக்குச் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் ஊருக்கு எடுத்துச் செல்லலாம். சேர்வராயன் மலைக்கு எடுத்துச் செல்லும் பொறுப்பு என்னுடையது. மார்கழியில் மீண்டும் பழம் பறிக்கும் காலம் வரும், பனியும் வரும். அதற்கு முன் அத்தாள் மலையேறுமாக.

— தமிழ் ஆனர்ஸ், இரண்டாம் ஆண்டு மாணவன்